சம்பந்தியம்மாவுக்காகப் படித்த ஸ்பானிஷ்

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா எங்கள் வீட்டில் சாப்பிடாமல் எழுந்து போயிருந்தால் என் பெண்ணின் கல்யாணம் நின்று போயிருக்கும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நிறுத்தியிருக்கக்கூடியவளே நான்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனிக்குச் சரக்கு இறக்க வரும் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

"போயிருந்தால் நின்றிருக்கும்" என்று தமிழில் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன், பாருங்கள். இதே வாக்கியத்தை ஸ்பானிஷில் கட்ட இன்றுவரை எனக்குத் தெரியாது. என் படிப்பு அதற்கு ஒரு படி கீழேயே நின்றுவிட்டது. "சாப்பிடுவீர்களா", "சாப்பிடுவேன், ஆனால்" என்கிற இடம்வரைதான் போனேன். நல்லவேளை, அந்த இடம்தான் அன்றைக்குத் தேவைப்பட்டது.

நான் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருக்கிறேன். போல்ட், பேரிங், கையுறை, கிரீஸ் டப்பா என்று எது வேண்டுமானாலும் என் கையெழுத்து வேண்டும். என்னைக் கேட்காமல் ஒரு வாஷர்கூட வெளியே போகாது. இந்த வயதில் இன்னொரு மொழி படிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் போய் வேலையைப் பார் என்றிருப்பேன்.

என் ஒரே பெண் இன்ஜினியர். அதே தொழிற்பேட்டையில், எங்கள் கம்பெனியிலிருந்து கொஞ்சம் தள்ளி வேறொரு கம்பெனியில் வேலை. அங்கே ஸ்பெயினிலிருந்து ஒரு பெரிய மெஷின் வந்தது. மெஷினோடு ஒரு பையனும் வந்தான். மெஷினை ஓட வைத்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டியவன். போனான். மறுபடி வந்தான். மெஷினில் கோளாறு ஒன்றும் இல்லை என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் நான் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது என் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். "மா, உன்கிட்ட ஒன்னு சொல்லணும். கத்தாத" என்றாள். கத்தாதே என்று சொன்னவுடனேயே நான் கத்த ஆரம்பித்துவிட்டேன். என்ன விஷயம் என்று கேட்டது அதற்கப்புறம்தான்.

பையன் நல்ல பையன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வீட்டுக்கு வந்தால் செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றி வைப்பான், என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து கிரிக்கெட் புரியாமலே பார்ப்பான். ஆனால் கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேரும் அவன் ஊருக்குப் போவதாகத் திட்டம். அங்கே அவனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். கீழே ரொட்டிக் கடை, மேலே வீடு. அந்த வீட்டில்தான் என் பெண் குடியிருக்கப் போகிறாள். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க நான் இருக்க மாட்டேன். இருக்கப் போவது அந்த அம்மா. முகம் தெரியாத, பேச்சு புரியாத ஒரு மனுஷியின் கையில் என் பெண்ணைக் கொடுத்துவிட்டு வேப்பம்பட்டில் நான் எப்படித் தூங்குவேன்?

அதனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். "அவங்கம்மா நம்ம ஊட்டுக்கு வந்து பொண்ணு கேக்கணும். போன்ல கேட்டா ஆவாது. நேர்ல வரணும்."

"அவ்ளோ தூரத்துல இருந்தா?" என்றார் வீட்டுக்காரர். அவர் சாது. எதற்கும் உனக்குச் சம்மதம் என்றால் எனக்கும் சம்மதம் என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொள்கிறவர்.

"அவ்ளோ தூரத்துக்கு நம்ம பொண்ணு போவல?" என்றேன். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

அந்த அம்மா வருகிறேன் என்று சொல்லிவிட்டார். கடையைப் பூட்டி, டிக்கெட் போட்டு, குளிர் முடிந்ததும் வருகிறாராம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்தால் என்ன பேசுவது?

"நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்மா" என்றாள் பெண். அவள் அதற்குள் ஸ்பானிஷ் நன்றாகவே பேசப் பழகிவிட்டாள்.

"உன் கல்யாணத்துக்கு நீயே தூது போவியா? உங்க அத்த பாத்தா இன்னா சொல்லுவாங்க?"

"அப்போ போன வெச்சுப் பேசு. அதுவே மாத்திச் சொல்லும்."

"பொண்ணு கேக்கற எடத்துல மெஷின வெச்சுப் பேசுவாங்களாடி?" என்றேன். அந்த வேகத்தில் நானே படித்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னால் சொன்னதுதான், அதுவும் என் குணம்.

வேப்பம்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் கம்பெனி பஸ். தாமரைப்பாக்கம், பெரியபாளையம், கவரைப்பேட்டை என்று சுற்றிக்கொண்டு போகும். மற்றவர்கள் தூங்குவார்கள். நான் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஸ்பானிஷ் படித்தேன். வீட்டில் சந்தேகம் கேட்டால் என் பெண் சொல்லித் தருவாள். நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய், நான் சாப்பிடுகிறேன், நீ சாப்பிடுகிறாய் என்று ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. கொஞ்சம் பிடிபட்டதும் என் பெண் ஒரு குண்டைப் போட்டாள். பெரியவர்களிடம், அதுவும் முதல் முறை பார்க்கிறவர்களிடம், "சாப்பிடுகிறீர்களா" என்று மொட்டையாகக் கேட்பதைவிட இன்னொரு வடிவத்தில் கேட்டால் மரியாதையாக இருக்குமாம். அதற்குப் பெயர் கண்டிஷனல். நிபந்தனை வடிவம்.

நிபந்தனை என்றதும் எனக்குப் பிடித்துப் போயிற்று. ஏற்கெனவே ஒன்று போட்டு வைத்திருக்கிறேனே.

உள்ளே போய்ப் பார்த்தால் அது பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. ஸ்பானிஷில் வினைச்சொல் எல்லாம் மூன்று விதமாக முடியும்: ஆர், ஏர், ஈர். பேசு என்பதற்கு அப்லார், சாப்பிடு என்பதற்குக் கொமேர், வாழ் என்பதற்குப் பிபீர். நிகழ்காலத்தில் பேச வேண்டும் என்றால் இந்த வாலை வெட்ட வேண்டும், வெட்டிய இடத்தில் ஒவ்வொரு வகைக்கும் வேறு வேறு வால் ஒட்ட வேண்டும். எனக்கு அதில்தான் தலை சுற்றியது. ஆனால் நிபந்தனை வடிவத்தில் வெட்டும் வேலையே கிடையாது. சொல்லை முழுசாக வைத்துக்கொண்டு பின்னால் "ஈயா" என்று ஒட்டினால் போதும். அப்லரீயா, கொமெரீயா, பிபிரீயா. பேசுவேன், சாப்பிடுவேன், வாழ்வேன், ஆனால் ஏதோ ஒன்றைப் பொறுத்து. மூன்று வகைக்கும் ஒரே ஒட்டு. எங்கள் ஸ்டோர்ஸில் சில பெட்டிகளைப் பிரிக்காமல், சீல் உடைக்காமல், மேலே ஒரு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி லைனுக்கு அனுப்புவோம். அது மாதிரி.

நீ என்றால் "ஈயாஸ்", நாங்கள் என்றால் "ஈயாமோஸ்", அவர்கள் என்றால் "ஈயான்". நாலு சிநேகிதர்களைப் பார்த்துப் பேச "ஈயாய்ஸ்" என்று ஒன்று உண்டு, அது எனக்குத் தேவைப்படாது என்று விட்டுவிட்டேன். நான் என்பதற்கும் மரியாதையான நீங்கள் என்பதற்கும் ஒரே "ஈயா"தான். கொமெரீயா என்றால் "நான் சாப்பிடுவேன்", அதே கொமெரீயா என்றால் "நீங்கள் சாப்பிடுவீர்கள்". கேள்வியும் பதிலும் ஒரே சொல். எனக்குப் பாதி வேலை மிச்சம்.

நம் பேச்சில் இது வேறு மாதிரி. "நீ வந்தா நான் சாப்பிடுவேன்" என்றால் நிபந்தனை முழுக்க "வந்தா"வில் இருக்கிறது. "சாப்பிடுவேன்" என்பது எப்போதும் சொல்கிற அதே சாப்பிடுவேன்தான். அதில் சந்தேகமே தெரியாது. அவர்களோ பின்னால் வருகிற சொல்லிலும் ஒரு அடையாளம் போட்டுவிடுகிறார்கள். இது நிச்சயம் இல்லை, வேறொன்றைப் பொறுத்தது என்று அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே தெரிந்துவிடும். ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் இப்படிப் பேசினால் என் வேலை எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொடு என்பதற்குத் தார். அதற்கு ஒட்டினால் தரீயா. பஸ்ஸில் அதை நான் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து சீட்டில் இருந்த அக்கவுண்ட்ஸ் பெண் விழித்துவிட்டாள்.

"இன்னா அக்கா, தரியா தரியான்னு யார கேட்டுக்கினு வர்ற?"

"ஸ்பெயின்காரங்கள. அவங்க புள்ளய எங்களுக்குத் தரியான்னு."

"சுத்தம். நீ கத்துக்கறதுக்குள்ள அவங்களுக்குப் பேரப்புள்ள பொறந்துடும்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி தூங்கிப் போனாள்.

எனக்குக் கோபம் வந்தது இந்த ஒழுங்கான சொற்களால் அல்ல. சில சொற்கள் ஒழுங்கு கெட்டவை. தெனேர் என்று ஒன்று, வைத்திருப்பது என்று அர்த்தம். நியாயப்படி தெனெரீயா என்று வர வேண்டும். வந்ததோ தெந்த்ரீயா. நடுவில் அந்த "த்" எந்த கேட் பாஸில் உள்ளே நுழைந்தது? வா, சொல், செய், முடியும், வேண்டும் எல்லாம் இப்படித்தான் இஷ்டத்துக்கு வளைகின்றன. ஒரு நாள் போனைத் தூக்கி மெத்தைமேல் எறிந்தேன். பிறகு நிதானமாக உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று தெரிந்தது. சாப்பிடு, பேசு, வாழ், கொடு, கேள், பார்த்துக்கொள். இவை எல்லாம் ஒழுங்கானவை. ஒரு கல்யாணத்துக்கு இவ்வளவு போதாதா? ஒழுங்கான சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு சம்பந்தம் பேசுவது என்று முடிவு செய்தேன். மனசு லேசாயிற்று.

கடைசியில் இரண்டே கேள்விகளைத் தயார் செய்தேன். முதல் கேள்வி: "கொமெரீயா உஸ்தே கோன் நொசோத்ரோஸ்?" எங்களோடு சாப்பிடுவீர்களா? இரண்டாவது கேள்வி: "குயிதரீயா உஸ்தே ஆ மீ ஈஹா?" என் பெண்ணைப் பார்த்துக்கொள்வீர்களா? முதல் கேள்வியை என் பெண்ணிடம் சொல்லிக் காட்டித் திருத்திக்கொண்டேன். இரண்டாவதைக் காட்டவில்லை. கேட்டால் அவள் அழுவாள், அவள் அழுதால் நானும் அழுவேன், பிறகு சமையல் யார் பார்ப்பது?

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. திருப்பாச்சூரிலிருந்து என் நாத்தனார் காலையிலேயே வந்துவிட்டார். வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. நெல்லும் நிலமுமாக இருக்கிறவர், முறை என்றால் ஒரு இம்மி விட்டுக்கொடுக்க மாட்டார். நல்ல காரியம் பேசுகிற நாளில் கவுச்சி கூடாது என்று அவர்தான் சொன்னார். அதனால் சாம்பார், வடை, பொரியல், பாயசம். என் பெண்ணுக்குப் புடவை கட்டிவிட்டு, கூப்பிடுகிறவரை வெளியே தலைகாட்டக் கூடாது என்று ரூமில் உட்கார வைத்ததும் அவர்தான். அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நாஷ்டா தட்டு அப்படியே திரும்பி வந்தது.

காரில் பையனும் அவன் அம்மாவும் வந்து இறங்கினார்கள். உயரமான மனுஷி, நரைத்த கிராப், பருத்திச் சட்டை. செருப்பைக் கழற்றினார், கையைக் கூப்பினார், வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். அண்ணி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கையில் ஒரு தகர டப்பா, தன் கடையில் செய்த பிஸ்கட். இரண்டு கையாலும் நீட்டினார். நான் வாங்கி அண்ணியிடம் கொடுத்தேன். விருந்தாளி எதிரில் டப்பாவைப் பிரிப்பது மரியாதையா? அண்ணி அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் மேலே வைத்தார்.

தண்ணீர் கொடுத்தேன். நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார், எடுக்கவில்லை. காபி கொண்டுவந்து வைத்தேன். அதற்கும் அதே சிரிப்பு. காபி ஆடை கட்டிப்போய்க் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து வாங்கி வைத்த வாழை இலை எல்லாம் கிழிசல் என்று வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். "வா தம்பி, ஒரு நிமிசத்துல வந்துடலாம்" என்று பையனை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "கேட்டு போட்டுட்டான். ரெண்டு வண்டி போவணுமாம்." வேப்பம்பட்டில் ரயில்வே கேட் போட்டால் லேசில் திறக்காது என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஹாலில் அந்த அம்மாவும் நானும். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். பிள்ளை வீட்டார்தானே பேச்சை எடுக்க வேண்டும்? அவர் எடுக்கவில்லை. நடுநடுவே ஃபிரிட்ஜ் மேலே இருந்த டப்பாவைப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, திரும்பி உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

சமையலறைக்குள் போனேன். அண்ணி அங்கே காத்துக்கொண்டிருந்தார்.

"பாத்துக்கினியா? நம்ம ஊட்டுத் தண்ணிய தொடல. பாட்டுல்ல இருந்து குடிக்கறாங்க."

"ஊர் தண்ணி ஒத்துக்காதுன்னு இருக்கும் அண்ணி."

"காபி கொதிச்சது தான? அதுவும் ஒத்துக்காதா? கை நனைக்க வேணாம்னு முடிவு பண்ணிக்கினு தான் வந்திருக்காங்க. புள்ளைக்கோசரம் வந்து தலைய காட்டிட்டுப் போறாங்க, அவ்ளோதான்."

சம்பந்தம் வேண்டாத வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், சாப்பிடாமல் எழுந்து போவார்கள். எங்கள் பக்கம் அதுதான் பதில். என் கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பார்க்க வந்த ஒரு குடும்பம் அப்படித்தான் எழுந்து போனது. போனவர்களைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் மறுபடி மூடி வைத்த அந்தச் சோற்றுக் குண்டானை இன்னும் மறக்கவில்லை.

ரூம் கதவு லேசாகத் திறந்தது. "மா, இன்னா ஆச்சு?" என்றாள் பெண்.

"ஒன்னும் இல்ல. உள்ள இரு" என்று கதவைச் சாத்தினேன். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கோபம் தலைக்கு ஏறியது. விமானம் ஏறி வந்து, என் ஹாலில் உட்கார்ந்து, என் தண்ணீரைத் தொடாத பொம்பளை நாளைக்கு என் பெண்ணுக்கு என்ன போடுவாள்? ஒரே ஒரு தடவை கேட்பேன். வேண்டாம் என்று சொல்லட்டும். எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, புடவையை அவிழ்த்து வை என்று பெண்ணிடம் சொல்லிவிடுவேன். அவள் அழுவாள். அழட்டும். அங்கே போய்த் தனியாக அழுவதைவிட என் எதிரில் அழட்டும்.

போய் எதிரில் உட்கார்ந்தேன். படித்த படிப்பெல்லாம் மறந்துவிடுமோ என்று பயந்தேன், மறக்கவில்லை.

"கொமெரீயா உஸ்தே கோன் நொசோத்ரோஸ்?"

அந்த அம்மா அப்படியே நிமிர்ந்தார். நான் அவர் பாஷையில் பேசுவேன் என்று பிள்ளை சொல்லி வைக்கவில்லைபோல. கண் அகன்றது. ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னார்.

"கொமெரீயா."

சாப்பிடுவேன். ஆனால் முழுசாக இல்லை, எதையோ பொறுத்து. அதற்குள் அடுத்த சொல்லும் வந்துவிட்டது. "பெரோ..." ஆனால்.

அதற்குப் பிறகு அவர் பேசியது கடகடவென்று ஓடியது. தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்து அவரே நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். வலது கையை நீட்டி விரித்துக் காட்டினார், சுத்தமாகக் காய்ந்திருந்தது. இடது கையால் அதன்மேல் தண்ணீர் ஊற்றுவது மாதிரி பாவனை செய்தார். உடனே கூடாது கூடாது என்று தலையை ஆட்டினார். பிறகு என்னைச் சுட்டிக் காட்டி, அதுவரை அவர் வாயில் வராத ஒரு தமிழ்ச் சொல்லைச் சொன்னார். எத்தனை நாள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாரோ தெரியாது.

"சம்மதம்?"

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் ஒரேயடியாக ஓடியது. கை நனைக்கிற விஷயம் இந்த அம்மாவுக்குத் தெரியும். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெண் வீட்டில் சம்மதம் என்று சொல்லும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தொடக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, வெயிலில் தொண்டை காய, தன் பாட்டிலிலிருந்து திருட்டுத்தனமாக ஒரு வாய் குடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் ஊரில் பெண் கேட்கிற வழக்கமே இல்லை. அதனால் நான் கேட்பதற்காகக் காத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. டப்பாவை நாங்கள் பிரிக்காமல் மேலே தூக்கி வைத்ததைப் பார்த்து எங்களுக்குச் சம்மதம் இல்லையோ என்று அவரும் பயந்திருக்கிறார்.

"அண்ணி" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன். "அவங்க நம்ம சம்மதத்துக்குக் காத்துக்கினு இருக்காங்க அண்ணி."

"நாம அவங்க கேக்கட்டும்னுல்ல காத்துக்கினு இருக்கோம்" என்றார் அண்ணி. கரண்டியோடு வாசலில் வந்து நின்றவர், அந்த அம்மாவின் நீட்டிய கையைப் பார்த்தார். "அடப் பாவமே. தண்ணிகூட இல்லாம உக்கார வெச்சுட்டோமே" என்றார்.

நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. இரண்டும்தான். அந்த அம்மாவின் காய்ந்த கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "சம்மதம்" என்றேன். அது போதாது என்று தோன்றி அவர் பாஷையிலும் ஆமாம், "ஸி" என்றேன். மறுபடி "சம்மதம், ஸி, ஸி" என்றேன். படித்த "ஈயா" எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. பல மாதமாக அந்த மூச்சைப் பிடித்து வைத்திருந்தேன்போல.

அண்ணி சொம்பைக் கொண்டுவந்தார். அந்த அம்மாவை வாஷ்பேசின் பக்கம் போக விடவில்லை. அங்கேயே, ஒரு தட்டைக் கீழே பிடித்து, அவர் கையில் தண்ணீரை ஊற்றினார். பிறகு ஃபிரிட்ஜ் மேலிருந்த டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எல்லோருக்கும் முன்னால் கடித்தார். முட்டை போட்டிருக்குமா என்று டப்பாவை வாங்கி வைக்கும்போது சந்தேகப்பட்டவர் அவர்தான்.

இலை வரும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. எவர்சில்வர் தட்டிலேயே பரிமாறினேன். அந்த அம்மா முதலில் ஒரு தம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். என் பெண்ணை வெளியே வரச் சொன்னார் அண்ணி. அவள் வந்து நின்று எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நான் தான்மா அவன்கிட்ட சொன்னேன். ரெண்டு வீட்டுக்கும் சம்மதம்னா தான் கை நனைப்பாங்கன்னு. அதப் போய் இப்படி சொல்லி வெச்சிருக்கான்."

வாசலில் வண்டி சத்தம் கேட்டது. வீட்டுக்காரரும் பையனும் வியர்வையோடும் இலைக்கட்டோடும் உள்ளே வந்து, அந்த அம்மா வடையைப் பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்கள். காலையிலிருந்து "தம்பி, தம்பி" என்று ஜாக்கிரதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"மாப்ள, எலைய அப்படி ஓரமா வெச்சுட்டு கை கழுவுங்க" என்றார்.

எல்லாம் முடிந்தது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. என்ன சம்மதம் சொன்னாலும் அதைக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது. என் பெண் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று அந்த அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

"குயிதரீயா உஸ்தே ஆ மீ ஈஹா?"

பையன் குனிந்துகொண்டான். அந்த அம்மா என்னைப் பார்த்தார், பிறகு என் பெண்ணைப் பார்த்தார், அவளிடம் ஏதோ கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"இன்னா கேக்கறாங்க?" என்றேன்.

"காலைல இருந்து சாப்பிட்டியான்னு."

அந்த அம்மா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். என் பெண்ணின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தன் தட்டை அவள் பக்கம் தள்ளி, மீதி வடையைச் சாம்பாரில் தோய்த்து, பழக்கமில்லாத கையால் கீழே சிந்திக்கொண்டே அவள் வாயில் வைத்தார். என் பெண் அழுதுகொண்டே மென்றாள். அவள் விழுங்கும்வரை அந்த அம்மா கையை எடுக்கவில்லை.

நான் இன்னொரு தட்டு எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து நானும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.